ஓடி நிற்க ஓர் இடம்

2001 செப்டம்பர் 25 அன்று இரவு எட்டரை மணிக்குச் சற்று முன்னதாக, வல்லத்தில் எங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து நன்னூல் நூற்பாக்களை உருப்போட்டுக்கொண்டிருந்தேன். மறுநாள் கல்லூரியில் தேர்வு. உள்ளே அடுக்களைப் பலகையில் அடுக்கியிருந்த எவர்சில்வர் பாத்திரங்கள் ஒன்றோடொன்று மோதிக் கலகலத்தன. "லாரி ஏதாச்சும் போவுதாடா?" என்று அம்மா கேட்டார். தெருவில் லாரி எதுவும் இல்லை. சாய்ந்திருந்த திண்ணைத் தூண் முதுகில் மெல்ல இடித்ததுபோல் இருந்தது. அதற்குள் எதிர்வீட்டுப் பாட்டி, "பூமி ஆடுது, புள்ளைங்கள தூக்கினு வெளிய வாங்க" என்று கூவிவிட்டார்.

தெருவே ஓடியது. எங்கே ஓடுவது என்று யாரும் யாரையும் கேட்கவில்லை என்பதுதான் இப்போது எண்ணிப் பார்க்கையில் வியப்பாக இருக்கிறது. எல்லாருடைய கால்களும் நெல்லடிக்கும் களத்துக்கே போயின. ஒரு பக்கம் புளியமரம், மறு பக்கம் ஏரிக்குப் போகும் வண்டிப்பாதை, நடுவே சாணமிட்டு மெழுகிய வெறுந்தரை. அன்று நள்ளிரவு வரை அங்கேயே இருந்தோம். யாரோ டிரான்சிஸ்டர் கொண்டுவந்தார்கள். புதுச்சேரிக்கு அப்பால் கடலுக்கடியில் நடுக்கம் என்று செய்தி வந்தது. அளவு 5.5 என்று பிற்பாடு படித்தேன். அந்த ஆண்டு சனவரியில் குசராத்தில் நேர்ந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்திருந்தோமாதலால், ஒரு குலுக்கலோடு அது நின்றுவிடும் என்று நம்ப யாருக்கும் மனம் வரவில்லை. குழந்தைகள் கோணிப்பையில் உறங்கினார்கள். நான் நன்னூலை எடுத்துவர மறந்திருந்தேன். தேர்வு தள்ளிப்போகாதா என்ற ஆசையும் இருந்தது.

அந்தக் களம் இன்று இல்லை. பாதியில் ஓர் அரசுக் கட்டடம், மீதியில் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டி, தொட்டியடியில் மின்மாற்றி. அறுவடைக் காலத்தில் நெல்லைச் சாலையில் காயவைக்கிறார்கள். பேருந்துகள் அதன்மேல் ஏறிப் போகின்றன. இன்றிரவு பூமி ஆடினால் என் தெருக்காரர்கள் எங்கே ஓடுவார்கள்? சில மாதங்களாக இந்தக் கேள்வி என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. தமிழாசிரியனுக்கு நகரமைப்பில் என்ன வேலை என்று நண்பர்கள் சிலர் சிரிக்கக்கூடும். சிரிக்கட்டும். 'மன்றம்' என்ற சொல்லை முப்பது பேர் கொண்ட வகுப்பில் ஆண்டுதோறும் விளக்கிப் பிழைப்பவன், அச்சொல் குறிக்கும் இடம் கண்ணெதிரே காணாமற்போகும்போது அதைப்பற்றிப் பேசாமலிருப்பது எப்படி?

ஒரு சிறு தெளிவு. நான் சொல்வது தஞ்சாவூர் வல்லம் அன்று. பல்லவர் குடைவரைகள் உள்ள செங்கல்பட்டு வல்லமும் அன்று. செஞ்சியை அடுத்துள்ள வல்லம். வெளியூரில் பெயரைச் சொன்னால், மூன்றாவதாகத்தான் எங்கள் ஊர் நினைவுக்கு வரும், அதுவும் கோட்டையைச் சேர்த்துச் சொன்னால்.

'நம் பக்கம் பூகம்பம் வராது' என்பது நம் ஊர்களில் ஒரு நம்பிக்கை. முழுப் பொய் என்று சொல்வதற்கில்லை. இமயமலை அடிவாரத்தின் நிலைமை நமக்கு இல்லை. ஆனால் 1900 பிப்ரவரியில் கோயம்புத்தூர்ப் பக்கம் ஏற்பட்ட நடுக்கத்தின் அளவு ஏறத்தாழ 6 என்று கணிக்கிறார்கள். 2002-இல் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் நிலநடுக்க வரைபடம் திருத்தப்பட்டபோது சென்னை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்தப்பட்டது. 1993 செப்டம்பர் 30 அதிகாலையில் மராட்டிய மாநிலத்துக் கில்லாரியில் ஆயிரக்கணக்கானோர் தம் வீட்டுக் கற்சுவர்களுக்கு அடியிலேயே மாண்டார்களே, அதுவும் 'பூகம்பம் வராத' பகுதி என்று எண்ணப்பட்ட இடந்தான். அச்சமூட்டுவது என் நோக்கமன்று. அரிதாக வருவதற்கும் வரவே வராததற்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மட்டும் நினைவூட்டுகிறேன். (செஞ்சி வட்டாரத்தின் பாறை கெட்டியானது, அது நமக்கு ஓரளவு காப்பு. ஆனால் குண்டுக்கற்களைக் கூடையிலிருந்து கொட்டியதுபோல் நிற்கும் அந்தக் குன்றுகளின் அடிவாரத்தில் வீடு கட்டியிருப்பவர்களிடம் இந்த ஆறுதலைச் சொல்ல எனக்குத் துணிவில்லை.)

நிலநடுக்கம் என்றவுடன் எல்லாரும் கட்டடத்தைப் பேசுகிறோம். கம்பி எவ்வளவு, கலவை எப்படி, தூண் தாங்குமா என்கிறோம். பேச வேண்டியதுதான். ஆனால் கட்டடத்துக்கும் கட்டடத்துக்கும் இடையில் இருக்கும் 'ஒன்றுமில்லாத' இடம் உயிரைக் காக்கவும் செய்யும், வாங்கவும் செய்யும் என்பதை அஞ்சார் என்ற ஊர் காட்டியது. 2001 சனவரி 26, குடியரசு நாள் காலை. குசராத்தின் கச்சு மாவட்டத்து அஞ்சாரில் பள்ளிப் பிள்ளைகள் கொடியேந்தி ஊர்வலமாகக் குறுகிய தெரு ஒன்றில் போய்க்கொண்டிருந்தார்கள். எட்டே முக்கால் மணியளவில் பூமி அதிர்ந்தது. இருபுறத்து வீடுகளும் தெருவின்மேல் சரிந்தன. 185 பிள்ளைகளும் 20 ஆசிரியர்களும் இறந்தார்கள். அவர்கள் கட்டடத்துக்குள் இல்லை, வெளியில்தான் இருந்தார்கள் என்பதை ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். 'வெளியே ஓடு' என்ற அறிவுரை, வெளியே 'வெளி' இருந்தால்தான் பொருள்படும். அப்பிள்ளைகளுக்கான நினைவகம் 2022-இல் அங்கே திறக்கப்பட்டது.

இதில் கணக்கு மிக எளிது. மூன்று மாடி வீட்டின் உயரம் முப்பது அடிக்குமேல். நம் மனைப்பிரிவுகளில் தெருக்களின் அகலம் பெரும்பாலும் 23 அடி, பழைய தெருக்களில் அதுவும் இல்லை. படிக்கட்டும் சாக்கடைப் பாலமும் போக வண்டி போவது பதினைந்தடி. இரு பக்கமும் சுவர் சரிந்தால் அந்தத் தெரு தெருவாக இராது; இடிபாட்டு வாய்க்காலாகிவிடும். உள்ளே மாட்டிக்கொண்டவரை எடுக்க வரும் வண்டியும் நுழைய முடியாது. புஜ் நகரத்தின் மதிலுக்குள் இருந்த பழைய ஊரில் நேர்ந்தது இதுதான். முட்டுச்சந்துகளில் இருந்தவர்கள் வெளியே வர வழியின்றிப் போனார்கள், மீட்க வந்தவர்களுக்கு உள்ளே போக வழியின்றிப் போயிற்று.

பிறகு புஜ் செய்ததை நம் ஊர்க்காரர்கள் அறிந்துகொள்ள வேண்டும். ஊரையே கைவிட்டு வேறிடம் போகலாம் என்ற பேச்சு எழுந்தது. பெரும்பாலோர் இசையவில்லை. பழைய ஊரிலேயே தெருக்களை அகலப்படுத்தித் திறந்த வெளிகளை ஏற்படுத்தத் திட்டமிட்டார்கள். அதற்கு நிலம் எங்கிருந்து வரும்? ஒவ்வொருவர் மனையிலிருந்தும் ஒரு பங்கு எடுக்கப்பட்டது. மிகச் சிறிய மனைக்காரரிடம் ஒன்றும் எடுக்கவில்லை. மனை பெரிதாகப் பெரிதாக எடுக்கும் விகிதமும் உயர்ந்தது. எஞ்சிய நிலத்தில் எல்லாருக்கும் மனைகளைத் திருத்தி அளந்து கொடுத்தார்கள். சச்சரவு இல்லாமலா இருந்திருக்கும்? பாட்டன் வைத்த வாசற்படியை இரண்டு கசம் தள்ளிப் போடு என்றால் யாருக்குத்தான் வலிக்காது? ஆயினும் ஏழையின் கையளவு நிலத்தைத் தொடாமல் உள்ளவனிடம் கூடுதலாகக் கேட்பது என்ற அந்த நெறி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. நம் ஊரில் சாலை விரிவாக்கம் என்றால் முதலில் பெயர்க்கப்படுவது எவருடைய குடிசை என்று எல்லாருக்கும் தெரியும்.

இவ்விடத்தில் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாகாது. திறந்தவெளி இருந்துவிட்டால் போதும் என்பதில்லை. 1923 செப்டம்பர் 1 நண்பகலில் தோக்கியோவைப் பெருநடுக்கம் குலைத்தபோது, ஓஞ்சோ பகுதியில் முன்பு படையினரின் உடைக்கிடங்கு இருந்த பெருந்திடல் ஒன்றில் மக்கள் தஞ்சம் புகுந்தார்கள். கையில் கிடைத்த துணிமணி, பாய், பெட்டி, தட்டுமுட்டுச் சாமான்கள் அத்தனையோடும் வந்தார்கள். நகரம் நாற்புறமும் எரிந்துகொண்டிருந்தது. தீ சுழற்காற்றாகித் திடலுக்குள் நுழைந்தது. ஏறத்தாழ 38,000 பேர் அந்த ஓரிடத்தில் மட்டும் மாண்டார்கள். வெளி இருந்தது. ஆனால் தீயைத் தடுக்க மரவேலி இல்லை, நீர் இல்லை, கூட்டத்தைப் பிரித்தனுப்ப வேறு இடங்களும் போதிய அளவில் இல்லை.

அதன்பின் சப்பானியர் எடுத்த முடிவைப் படித்தபோது எனக்குப் பொறாமையாக இருந்தது. மூன்று பெரிய பூங்காக்களோடு 52 சிறிய பூங்காக்களையும் தோக்கியோவில் அமைத்தார்கள். அந்தச் சிறு பூங்காக்கள் ஒவ்வொன்றும் ஒரு தொடக்கப் பள்ளியை ஒட்டி அமைந்தன. பகலில் பிள்ளைகள் விளையாடுவார்கள், மாலையில் அக்கம்பக்கத்தார் வந்து உட்காருவார்கள், ஆபத்து வந்தால் அந்த வட்டாரமே அங்கே கூடும். எந்தப் பிள்ளையும் தன் பள்ளிக்கு வழி தெரியாமலிராது. பேரிடருக்காகத் தனியாக ஓர் இடத்தை வேலியிட்டுப் பூட்டிவைக்கவில்லை. அன்றாடம் கால் பழகிய இடத்தையே ஆபத்துக்கும் உரியதாக்கினார்கள். 2001-இல் எங்கள் கால்கள் களத்துக்குப் போனதற்கும் இதுதானே காரணம்? ஒவ்வொரு நாளும் அங்கே விளையாடியிருந்தோம், நெல் அடித்திருந்தோம், கூத்துப் பார்த்திருந்தோம். பெயர்ப்பலகை எதுவும் அங்கு இல்லை.

பெயர்ப்பலகை என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. நான் முன்பு பணியாற்றிய ஒரு நிறுவனத்தில், 'ஆபத்துக் காலத்தில் கூடுமிடம்' என்று பச்சை நிறத்தில் பலகை ஒன்று வைத்திருந்தார்கள். அதனடியில் நாள்தோறும் இருநூறு இருசக்கர வண்டிகள் நிற்கும். அதற்குப் போகும் பக்கவாட்டுக் கதவு, மாணவர்கள் வகுப்பைவிட்டு ஓடிவிடுவார்கள் என்பதற்காகப் பூட்டியே இருக்கும். ஒருமுறை ஒத்திகை நடந்தது. மணியடித்தவுடன் நாங்கள் எல்லாரும் முன்வாயிலின் சிமெண்டுப் பந்தலுக்கு அடியில் போய் நின்றோம். புகைப்படம் எடுத்துக்கொண்டார்கள்.

சிரிக்கக்கூடிய செய்திதான். ஆனால் 2004 சூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் தீயில் கருகியதை மறந்தவர்கள்தாம் இதற்கு முழுமனத்தோடு சிரிக்க முடியும். அந்தத் துயரத்துக்குப் பிறகு பள்ளிகளுக்குக் குறைந்தபட்ச நிலப்பரப்பு வகுக்கப்பட்டது. ஊராட்சி என்றால் மூன்று ஏக்கர், பேரூராட்சி என்றால் ஒரு ஏக்கர், மாநகராட்சிக்குள் சில கிரவுண்டுகள். சுற்றிலும் வயல் கிடக்கும் ஊரில் அதிக வெளி கேட்கிறது விதி, மூச்சுவிட இடமில்லாத நகரத்தில் குறைவாகக் கேட்கிறது! நிலத்தின் விலையைப் பார்த்தால் இது நியாயம். பிள்ளைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் தலைகீழ். அந்தக் குறைந்த அளவும் இல்லாத பள்ளிகளுக்கு ஆண்டுக்காண்டு தற்காலிக அங்கீகாரம் நீட்டிக்கப்பட்டு வந்ததும் நாம் அறிந்ததே.

இனி, வெறும் அகலத்தினால் வரும் கேடு பற்றி. கில்லாரிக்குப் பின்னர் பல ஊர்கள் முற்றிலுமாக இடம்பெயர்த்துக் கட்டப்பட்டன. சதுரங்கக் கட்டம்போல் நேர்த்தெருக்கள், அகன்ற சாலைகள், தனித்தனி வீடுகள். பாதுகாப்பு என்ற அளவில் குறை காண முடியாது. ஆனால் ஒரு முற்றத்தைச் சுற்றி வாழ்ந்த உறவுகள் தெருக்கோடிக்கு ஒன்றாகச் சிதறின. வெயிலில் வெந்துகிடக்கும் அகலச் சாலையைக் கடந்துபோய்ப் பேச்சுக்கொடுக்கக் கிழவிகளால் முடியவில்லை. 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் நாகப்பட்டினக் கரையிலும் இதே கதைதான். புதுக்குடியிருப்புகள் கட்ட வசதியாக இருக்கட்டும் என்று சில ஊர்களில் நின்ற மரங்களையெல்லாம் வெட்டித் தரையைச் சமப்படுத்தினார்கள். வலை பின்னுவதும், மீன் பங்கிடுவதும், பிள்ளையைத் தூங்கவைப்பதும் அந்த நிழலில்தான் நடந்துவந்தன என்பது வரைபடத்தில் தெரியாதல்லவா? பொட்டல் வேறு, வெளி வேறு. மரமும் திண்ணையும் குழாயும் இல்லாத திடலில் யாரும் அன்றாடம் காலெடுத்து வைக்க மாட்டார்கள். ஆளில்லாத திடலில் முதலில் குப்பை வரும், பிறகு வேலி வரும், பிறகு பட்டா வரும்.

தமிழ் இந்த வேறுபாட்டை நன்கறிந்த மொழி. சிலப்பதிகாரத்தின் இந்திரவிழவூரெடுத்த காதையில் புகார் நகரத்து மன்றங்கள் ஐந்து சொல்லப்படுகின்றன. வகுப்பில் நடத்தும்போது பூதசதுக்கத்துப் பூதமும் பாவை மன்றத்துப் பாவையுந்தாம் மாணவர்களை ஈர்க்கும். எனக்கோ முதலாவதான 'வெள்ளிடை மன்றம்' என்ற பெயரில்தான் கண் நிற்கிறது. வெள்ளிடை என்றால் வெட்டவெளி. வெட்டவெளிக்கே ஒரு பெயர் சூட்டி, அதையும் நகரத்தின் உறுப்பாக எண்ணி வைத்திருக்கிறார்கள். மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவே மரச்சோலையில் நாளங்காடி நடந்தது. இரண்டு நெருக்கமான குடியிருப்புகளுக்கு இடையே அமைந்த இடைவெளி, மரம் நிறைந்தது, நாள்தோறும் பயன்படுவது. இளங்கோவடிகள் நகரமைப்புக் கையேடு எழுதவில்லை என்பது எனக்குத் தெரியும். அக்கால மக்களின் மனத்தில் நகரம் என்பது எவ்வாறு பதிந்திருந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். பகைவர் நாடு பாழ்பட்டதைச் சொல்ல வந்த பட்டினப்பாலை, விழா ஒழிந்துபோன மன்றத்தையும் காட்டுகிறது. மன்றம் செத்தால் ஊர் செத்ததாகக் கணக்கு.

அதே மொழியில்தான் 'புறம்போக்கு' இன்று வசைச்சொல். வரி விதிப்புக்குப் புறம்பான, எவருக்கும் விற்க முடியாத, எல்லாருக்கும் உரிய நிலத்தின் பெயர் அது. மேய்ச்சலும் களமும் ஏரியும் சுடுகாடும் அதற்குள் அடக்கம். எவருக்கும் சொந்தமில்லாதது எதற்கும் உதவாதது என்று வருவாய்க் கணக்கின் கண்ணால் பார்க்கப் பழகிவிட்டோம். 2011-இல் சக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஊர்ப்பொது நிலங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற எல்லா மாநிலங்களும் திட்டம் வகுக்க வேண்டும் என்றது. அதற்கும் முன்பு, 1991-இல், பெங்களூரில் பூங்காவுக்கு ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனைக்குக் கொடுத்தது செல்லாது என்றது. மருத்துவமனை நல்ல செயல்தானே என்ற வாதம் அங்கே எடுபடவில்லை. நம் ஊர்களில் நாள்தோறும் எடுபடுகிறது. களத்தில் எழுந்த கட்டடமும் மேல்நிலைத் தொட்டியும் நல்ல நோக்கத்தோடு வந்தவைதாம். ஊருக்குத் தண்ணீர் வேண்டாமா என்று கேட்டால் வாயடைத்துத்தான் போகிறது. ஆனால் 2001-இல் குசராத்தில் உருளைத் தண்டின்மேல் நின்ற மேல்நிலைத் தொட்டிகள் பல விரிசல் கண்டன. ஊர் கூடும் ஒரே வெளியின் நடுவில் அப்படியொன்றை நிறுத்துவதற்கு முன்பு யாராவது ஒருமுறை அண்ணாந்து பார்த்திருக்கலாம்.

பழங்காலத்தைப் போற்றி இத்தோடு நிறுத்தினால் என் வேலை எளிதாக முடிந்திருக்கும். அந்த இரவைப் பற்றி நான் சொல்லாத ஒன்று இருக்கிறது. களத்தில் கூடியிருந்தவர்கள் ஊர்த்தெருக்காரர்கள். காலனி மக்கள் வரவில்லை. அவர்கள் சாலையோரத்தில் நின்றார்கள், லாரிகள் போகிற சாலையில், கைக்குழந்தைகளோடு. வரக்கூடாது என்று அன்று எவரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய தேவை இருந்ததே இல்லை. இது என் நினைவில் தட்டுப்படவே பத்தாண்டுகளுக்கு மேலாயிற்று என்பதில் எனக்கு வெட்கம் உண்டு. ஆகவே 'நம் முன்னோர் மன்றம் வைத்திருந்தார்கள்' என்று பெருமை பேசுவோர் அந்த மன்றத்தில் யார் நின்றார்கள், யார் நிற்க முடியவில்லை என்பதையும் சேர்த்துப் பேச வேண்டும். புதிதாகத் திறந்தவெளி அமைப்பதென்றால் அது ஊருக்கும் காலனிக்கும் நடுவில், இரு பக்கத்திலிருந்தும் வழியுள்ளதாக அமைய வேண்டும். பொறியாளர் இதை 'இரண்டு வெளியேறும் வழிகள்' என்பார். எனக்கு அதில் வேறொரு பொருளும் கேட்கிறது. பெண்கள் இருட்டிய பிறகும் வந்து உட்காரக்கூடியதாக இருக்க வேண்டும் என்பதையும் இதோடு வைத்து எண்ணிப் பார்க்கலாம். சாராயப் புட்டி உடைந்து கிடக்கும் திடலுக்கு நள்ளிரவில் எந்தப் பெண் ஓடிவருவாள்?

செஞ்சிக்கு வருகிறேன். 2025 சூலையில் மராட்டியர் படைத்தள நிலக்காட்சிகள் என்ற தொகுப்பில் செஞ்சிக் கோட்டையும் உலகப் பாரம்பரியச் சின்னமாக யுனெஸ்கோவால் அறிவிக்கப்பட்டது. எங்கள் பக்கத்துக்கு இது பெருமைதான், ஐயமில்லை. கோட்டைக்குள் கல்யாண மகாலின் முன்னே புல்வெளி இருக்கிறது, செட்டிகுளமும் சக்கரகுளமும் இருக்கின்றன. சட்டப்படி சின்னத்தைச் சுற்றி 100 மீட்டருக்குக் கட்டடம் கூடாது, அடுத்த 200 மீட்டருக்குக் கட்டுப்பாடு. இறந்துபோன ஊரைச் சுற்றி இவ்வளவு வெளியைக் காத்து வைத்திருக்கிறோம். காக்க வேண்டியதே. ஆனால் சீட்டு வாங்கி உள்ளே போய், மாலையில் வெளியேற்றப்படும் இடம், உயிரோடிருக்கும் ஊருக்கு மன்றமாகாது.

உயிரோடிருக்கும் செஞ்சியில் வேறு வெளிகள் இருக்கின்றன. வெள்ளிக்கிழமை ஆட்டுச்சந்தை கூடும் திடல் ஒன்று. விடியுமுன்பே வண்டிகள் வந்து குவிந்து, பண்டிகை நெருங்கினால் கால்வைக்க இடமிராது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக் களம் மற்றொன்று, அங்கே அறுவடைக் காலத்தில் நெல்மூட்டைகள் மலையாகும். பிறகு பள்ளி மைதானங்கள், ஏரிக்கரைகள், கோயில் முன்வெளிகள். மேல்மலையனூரில் அமாவாசை இரவுகளில் திரளும் கூட்டத்தைப் பார்த்தவர்கள், இவ்வட்டாரத்து மக்களுக்குப் பெருங்கூட்டமாய் ஒரு வெளியில் இரவு கழிக்கப் பழக்கமில்லை என்று சொல்ல மாட்டார்கள். தேர் ஓடும் தெருக்களையும் இக்கணக்கில் சேர்த்துக்கொள்வேன். ஆண்டுக்கொருமுறை தேர் வரும்போது அந்தத் தெருவில் நீட்டிக்கொண்டிருக்கும் தகரக் கொட்டகையும் படிக்கட்டும் பின்வாங்கியே ஆகவேண்டும். ஆக்கிரமிப்பு அகற்றத் தேரைவிடச் சிறந்த அதிகாரியை நான் கண்டதில்லை.

கவலை என்னவென்றால், சுற்றுலா வளர வளர இந்த வெளிகளைத்தான் எல்லாரும் முதலில் பார்ப்பார்கள். வண்டி நிறுத்துமிடம் வேண்டும், விடுதி வேண்டும், வணிக வளாகம் வேண்டும். 'சும்மா கிடக்கும்' இடம் எது என்று தேடுவார்கள். வாரத்தில் ஆறு நாள் சந்தைத்திடல் சும்மாதான் கிடக்கிறது. காத்மாண்டுவில் அரசாங்கமே 83 திறந்தவெளிகளை முன்கூட்டியே அடையாளம் கண்டு பட்டியலிட்டு வைத்திருந்தது. 2015 ஏப்ரல் 25-இல் பூமி குலுங்கியபோது அவற்றிற் சில ஏற்கெனவே ஆக்கிரமிக்கப்பட்டிருந்தன. எஞ்சியவற்றில்தான் மக்கள் வாரக்கணக்கில் கூடாரமடித்துக் கிடந்தார்கள், துண்டிக்கேல் மைதானம் அவற்றில் பெரிது. ஒப்புநோக்க அவர்களிடம் பட்டியலாவது இருந்தது. செஞ்சிக்கும் வல்லத்துக்கும் அப்படியொரு பட்டியலை ஊராட்சியும் வருவாய்த்துறையும் உட்கார்ந்து எழுதக் கோடிகள் தேவையில்லை. எந்தெந்தத் தெருவுக்கு எந்த வெளி, நடந்து போக எத்தனை நிமிடம், அங்கே குழாயும் விளக்கும் உண்டா, மின்கம்பி தலைக்குமேல் போகிறதா, சுற்றுச்சுவருக்கு எத்தனை கதவு, சாவி யாரிடம் என்று எழுதினால் போதும். பள்ளிக்கூட மைதானத்தின் சாவி இரவில் யாரிடம் என்ற ஒரு கேள்விக்கு விடை கிடைத்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

புதிய மனைப்பிரிவுகளுக்கு 2019-ஆம் ஆண்டு ஒருங்கிணைந்த கட்டட விதிகள் இருக்கின்றன. 3000 சதுர மீட்டரைத் தாண்டினால், சாலை போக எஞ்சிய பரப்பில் பத்தில் ஒரு பங்கைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதித்தர வேண்டும். 10,000 சதுர மீட்டருக்கு உட்பட்டதாயின் நிலத்துக்குப் பதில் பணம் கட்டவும் வழி உண்டு. அந்தப் பணத்தின்மேல் யாரும் ஓடி நிற்க முடியாது என்பதை விதி எழுதியவர்கள் எண்ணினார்களா தெரியவில்லை. நிலமாகக் கொடுப்பவர்களும் எதைக் கொடுக்கிறார்கள்? வாய்க்கால் ஓரத்து முக்கோணம், உயரழுத்த மின்கம்பிக்கு அடியில் உள்ள வால்துண்டு, மனையாக விற்க இயலாத மூலை. பத்து விழுக்காடு என்று சொல்லும் விதி, எந்தப் பத்து என்று அழுத்திச் சொல்லவேண்டும்.

என் பழைய மாணவர் ஒருவர் இப்போது திண்டிவனம் சாலையில் மனை விற்கிறார். தமிழ் இலக்கியம் படித்தவர், மனைப்பிரிவுகளுக்கு அவர் சூட்டும் பெயர்கள் அழகாகவே இருக்கும். போன மாதம் வீட்டுக்கு வந்து புதிய வரைபடம் ஒன்றை விரித்தார். "ஐயா, பார்க்குக்கு ஒரு நல்ல தமிழ்ப்பேரா சொல்லுங்க. வளைவு கட்டி எழுதிடலாம்." நான் வரைபடத்தில் அந்தப் பூங்காவைத் தேடினேன். வடகிழக்கு மூலையில், ஏரி வரத்துக்கால்வாயை ஒட்டிப் பச்சை வண்ணத்தில் ஒரு முக்கோணம். அதற்குப் போக ஒரே தெரு, அதுவும் முட்டுத்தெரு.

"இதை நடுவில வைக்கக் கூடாதாப்பா? நாலு தெருவும் வந்து சேர்ற மாதிரி?"

"நடுவுல இருக்கறது எல்லாம் கார்னர் மனைங்கய்யா. சதுரடிக்கு நூறு ரூபா கூடப் போவும். பார்க்கு எங்க இருக்குன்னு யாருங்கய்யா கேட்டு வாங்கறாங்க?"

அவர் சொன்னது பொய்யில்லை. நானே செஞ்சியில் மனை வாங்கியபோது கிழக்குப் பார்த்த வாசலா என்றுதான் கேட்டேன். அவருக்கு அஞ்சாரின் கதையைச் சொன்னேன். 2001-இல் அவருக்கு மூன்று வயது. அந்த இரவு அவர்கள் வீட்டார் எங்கே நின்றார்கள் என்று கேட்டேன். அம்மாவைக் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். பிறகு சற்றுநேரம் பேசாமல் வரைபடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பென்சிலை எடுத்து நடுவிலிருந்த நான்கு மனைகளைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, கைப்பேசியில் ஏதோ கணக்குப் பார்த்தார். "பார்ட்னர்கிட்ட கேட்டுப் பாக்கறங்கய்யா" என்று சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்.

இன்னும் பேசவில்லை. பெயரை மட்டும் எழுதி வைத்திருக்கிறேன்: வெள்ளிடை. முக்கோணத்துக்கு அதைக் கொடுப்பதாக இல்லை.